புதுப்பிப்பு: சமூக சேவையா, துறைசார் பயிற்சியா?

விடுமுறையில் தொண்டு நிறுவனத்தில் சேர்வதா, நான் படிக்கும் புள்ளியியலுக்கேற்ற நிறுவனப் பயிற்சிக்குப் போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். தொண்டு நிறுவனத்துக்கே போனேன். பயிற்சி முடிந்துவிட்டது.

"வேலைக்கு உதவாது" என்று பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படி அமையவில்லை. பயனாளிகள் பட்டியலில் ஒரே ஆளின் பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்தது. வருமானக் கேள்விக்குப் பாதிப்பேர் பதிலே தரவில்லை. களப்பணியாளர்களோடு வீடு வீடாகப் போன பிறகுதான் காரணம் தெரிந்தது: உண்மையைச் சொன்னால் உதவி நின்றுவிடுமோ என்ற பயம். வகுப்பில் விடுபட்ட தரவு என்று ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இது.

இழப்பும் உண்டு. நான் எழுதிய கணினி நிரலைப் படித்துத் திருத்த மூத்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை. துறைசார் பயிற்சிக்குப் போயிருந்தால் அது கிடைத்திருக்கும். சேருமுன் "என் வேலையை யார் பார்ப்பார்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள். ஊதியம் உண்டா என்பதையும். சம்பளமில்லாத பயிற்சி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

இரண்டையும் எதிரெதிராக வைக்கத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னது சரி. மெக்சிகோவில் பட்டம் பெற குறைந்தது 480 மணிநேர சமூக சேவை கட்டாயம். மருத்துவ மாணவர்கள் 1936 முதல் அதைத் தங்கள் துறையிலேயே செய்கிறார்கள்.

அடுத்து துறைசார் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நேர்முகத்தில் அதிகம் கேட்டது அந்தப் பட்டியலைப் பற்றித்தான்.