லாக் ஓபரான்: முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே போகிறது?

பாளை மாணவி:
வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். லாக் ஓபரானில், அதாவது பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் ஜீன் தொகுப்பில், ஒரு இடத்தில் முட்டி நிற்கிறேன். லாக்டோஸ் இல்லாதபோது ரெப்ரஸர் என்ற தடுப்புப் புரதம் ஆபரேட்டர் என்ற டி.என்.ஏ. பகுதியில் உட்கார்ந்துகொள்ளும், ஜீன்கள் அணைந்திருக்கும். சரி. ஆனால் லாக்டோஸை செல்லுக்குள் கொண்டுவரும் பெர்மியேஸும் அதே ஓபரானில்தானே இருக்கிறது? அது இல்லாமல் முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே வரும்? நோட்ஸில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தென்காசி லேப்:
ஓபரான் முழுசாக அணைவதே இல்லை. கொஞ்சம் பெர்மியேஸ் எப்போதும் இருக்கும்.

அம்பை வாத்தியார்:
சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய், தாயி. தம்பி சொன்னதுதான் பதில், காரணத்தையும் பார்த்துவிடு. ரெப்ரஸர் டி.என்.ஏ.வைப் பிடிக்கும், விடும், திரும்பப் பிடிக்கும். ஒரு ஈ. கோலை பாக்டீரியா செல்லில் அது ஏறத்தாழ 10தான் இருக்கும். விட்ட நேரத்தில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி புகுந்து ஜீன்களை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்துவிடும். நம்ம கன்னடியன் கால்வாய் மடையில் பலகையை எவ்வளவு இறுக்கிப் போட்டாலும் தண்ணீர் கசியத்தானே செய்யும், அந்த மாதிரி.

பிள்ளைகள் மார்க்கை விடுகிற இடம் இன்னொன்று உண்டு. ரெப்ரஸரைக் கழற்றுவது லாக்டோஸ் இல்லை, அல்லோலாக்டோஸ். லாக்டோஸை அப்படி மாற்றுவது பீட்டா-கேலக்டோசைடேஸ் என்ற நொதி. அதுவும் இதே ஓபரானின் சரக்குதான். ஆக, அந்தக் கசிவு இல்லையென்றால் லாக்டோஸ் உள்ளே வந்தும் பயனில்லை. அல்லோலாக்டோஸ் ஒட்டியதும் ரெப்ரஸரின் வடிவம் மாறிப் பிடி தளரும், உற்பத்தி ஆயிரம் மடங்கு வரை ஏறும்.

1961-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜேக்கப்பும் மோனோவும் இதை எழுதியபோது ரெப்ரஸர் ஆர்.என்.ஏ.வாக இருக்கும் என்றுதான் நினைத்தார்கள். 1966-ல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் பிரித்தெடுத்துப் புரதம் என்று காட்டினார்கள். கையில் பொருளே இல்லாமல், மரபணு மாற்றங்களை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

பாளை மாணவி:
ரொம்ப நன்றி சார். அப்போ குளுக்கோஸும் கூட இருந்தால்?

அம்பை வாத்தியார்:
ரெப்ரஸர் விலகினால் மட்டும் போதாது, பாலிமரேஸ் வந்து ஒட்டும் இடமான புரோமோட்டர் இங்கே பலவீனமானது. சி.ஏ.பி. புரதம் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறோடு சேர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து பாலிமரேஸை இழுத்துப் பிடித்தால்தான் வேகம் வரும். குளுக்கோஸ் இருக்கும்போது சைக்ளிக் ஏ.எம்.பி. குறைந்துவிடும். அப்புறம், குளுக்கோஸை உள்ளே கடத்தும் அமைப்பிலுள்ள ஒரு புரதம் பெர்மியேஸையே தடுத்து நிறுத்தும். இந்த இரண்டாவது காரணத்தையும் பரீட்சையில் கட்டாயம் எழுது. படத்தில் சி.ஏ.பி. உட்காரும் இடத்தை புரோமோட்டருக்கு முன்னாலும், ஆபரேட்டரைப் படியெடுப்பு தொடங்கும் இடத்தை ஒட்டியும் வரை.