சைடுமவுண்ட்: டேங்க் அழுத்தம் 100 பாருக்குக் கீழே போனதும் டேங்க் வால் மேலே தூக்குது, ஹார்னஸ் மாத்தணுமா?

ஆழியன்:
வணக்கம். புதுச்சேரியில சைடுமவுண்ட் டைவ் பண்றேன், அதாவது டேங்க் முதுகுல இல்லாம ரெண்டு பக்கவாட்டுலயும். ஹார்னஸ் (டேங்க் மாட்டுற பட்டை அமைப்பு) 50 மி.மீ. வெப்பிங், சின்ன விங் (மிதப்புக்கான காற்றுப் பை). முதுகு நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் 8 மி.மீ. பஞ்ஜி (வால்வைப் பிடிக்கிற எலாஸ்டிக் கயிறு) வருது. டேங்க் ரெண்டும் வாடகை அலுமினியம் 80 (80 கன அடி அளவு), யோக் வால்வு (ரெகுலேட்டர் வெளியே கவ்வித் திருகுற வகை). 3 மி.மீ. வெட்சூட், இடுப்பு பெல்ட்ல 4 கிலோ ஈயம்.

200 பார்ல இறங்கும்போது எல்லாம் சரியா இருக்கு. 100 பாரைத் தொட்டதும் டேங்க் வால் (அடிமுனை) கிளம்பி முதுகுக்கு மேல போயிடுது. வால்வு அக்குளை விட்டு இறங்கி நெஞ்சுக்கு முன்னாடி வருது, வலது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டர்ல வால்வோட சேர்ற பகுதி) தாடையில இடிக்குது. கால் தொங்குது, உடம்பு இடது பக்கமா சாயுது.

எக்ஸ்டீப் ஸ்டெல்த் 2.0 வாங்கலாமா, டைவ் ரைட் நோமாட் வாங்கலாமா?

கடல்குதிரை:
இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம் தம்பி. நீங்க சொல்றதுல ஹார்னஸ் கோளாறுன்னு எதுவும் தெரியல. நாலு விஷயம் மட்டும் சொல்லுங்க:

டேங்கைச் சுத்தி இறுக்கிற கீழ் பேண்ட், அடியிலிருந்து எவ்வளவு உயரம்? பேண்டுக்கும் போல்ட் ஸ்னாப்புக்கும் (மாட்டுற கொக்கி) நடுவே கயிறு எவ்வளவு நீளம்? அந்த ஸ்னாப்பை மாட்டுற இடுப்பு வளையம், டி-ரிங், எந்த இடம்? எந்த டேங்க்ல எவ்வளவு மூச்சு எடுத்துட்டு மாத்துறீங்க?

ஆழியன்:
பேண்ட் அடியிலிருந்து நாலு விரல் உயரம். கயிறு சுமார் 15 செ.மீ. டி-ரிங் இடுப்பெலும்புக்குப் பின்னாடி, தையல் போட்டு நிக்குது, நகராது. வலதுல 100 வரைக்கும் போயிட்டு அப்புறம் இடதுக்கு மாறுவேன்.

கடல்குதிரை:
நாலு பதில்லயும் கோளாறு இருக்கு. ஒண்ணொண்ணா பார்ப்போம்.

முதல்ல வால் ஏன் தூக்குது. அலுமினியம் 80-ல தண்ணீர்க் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார்ல அதுக்குள்ள 2,200 லிட்டருக்கு மேல காற்று, எடை கிட்டத்தட்ட 2.6 கிலோ. முழுசா இருக்கும்போது கடல் தண்ணியில டேங்க் லேசா மூழ்கும், காலியாகும்போது மிதக்கும். வால்வும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் மேல்முனையில கனமா உட்கார்ந்திருக்கு. அதனால மிதப்பு முழுக்க வால் பக்கம்தான் தெரியும். எந்தக் கம்பெனி ஹார்னஸ் போட்டாலும் இது மாறாது. வாலைக் கீழே இழுத்துப் பிடிக்க ஓர் இடம் இருக்கான்னுதான் பார்க்கணும்.

உங்க டி-ரிங் பின்னாடி இருக்கு. கிடையா மிதக்கும்போது பின்பக்கம்தான் மேல்பக்கம், அப்போ வாலை நீங்களே மேலே கட்டி வெச்ச மாதிரி ஆகுது. ஸ்டீல் டேங்குக்கு அந்த இடம் பொருந்தும். அலுமினியத்துக்கு, பெல்ட்ல நகரக்கூடிய டி-ரிங் போடுங்க. இறங்கும்போது அது இடுப்புப் பக்கவாட்டுல இருக்கட்டும். 130 பார் வாக்கில வயிற்றுப் பக்கம் முன்னால தள்ளுங்க, காற்று குறையக் குறைய இன்னும் முன்னால. நகரும் ரிங் கிடைக்கலைன்னா முன்பக்கம் கூடுதலா ஒரு நிலையான ரிங் போட்டு, நடுவுல ஸ்னாப்பை மாத்திப் போடலாம். ஒரு நேரத்துக்கு ஒரு டேங்க் மட்டும் கழட்டுங்க.

15 செ.மீ. கயிறு ரொம்ப அதிகம். கயிறு விறைக்கிற வரைக்கும் வால் தாராளமா மேலே போகும். 4, 5 செ.மீ. போதும். ஆனா கயிறே இல்லாம உலோகத்தோட உலோகத்தை மாட்டாதீங்க. ஸ்னாப் உப்புல இறுகிப் போனா கத்தியால அறுத்து விடுபட அந்தக் கயிறு வேணும்.

பேண்ட் உயரம்தான் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் தாடையில இடிக்கிறதுக்கு இன்னொரு காரணம். பேண்ட் வாலுக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவுக்கு டேங்க் தலைப்பக்கம் முன்னேறி நிக்கும். வால்வை அக்குளுக்குக் கொஞ்சம் கீழே பிடிச்சு நில்லுங்க. டி-ரிங் டேங்க்ல எங்க படுதோ அங்கதான் பேண்ட் வரணும். ரொம்ப மேலே ஏத்திடாதீங்க. பேண்டுக்குப் பின்னாடி நீளற வால் கூடக்கூட மிதப்பு இன்னும் நல்லாத் தெரியும். 2 செ.மீ. வீதம் நகர்த்திப் பாருங்க.

டேங்க் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுங்கறதும் பேண்ட் கையிலதான் இருக்கு. பேண்டைச் சுற்றினா ஸ்னாப் வர்ற திசை மாறும், அதோட தொங்கும்போது வால்வு பார்க்கிற திசையும் மாறும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வெளியே பார்த்தா ரெண்டு விரல் சுற்றிப் பாருங்க. நைலான் கேம் பேண்டை நனைச்சிட்டு இறுக்குங்க, உலர்வா இறுக்கினா தண்ணியில தளரும்.

முத்துச்சிப்பி:
பஞ்ஜியை விட்டுட்டீங்களே அண்ணா. வால்வு நெஞ்சுக்கு இறங்குதுன்னா அது தளர்ந்திருக்கு.

ஆழியன், டேங்க் மாட்டி 150 பார்ல குளத்துல கிடையா மிதந்து, பக்கத்துல இருந்து ஒருத்தரைப் படம் எடுக்கச் சொல்லுங்க. டேங்க் உங்க பக்கவாட்டுக் கோட்டோட இணையா நிக்கணும். வால்வு அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்கினா பஞ்ஜியை 2 செ.மீ. குறைங்க, திரும்பப் படம் எடுங்க. ஒரே கையால வால்விலிருந்து கழட்ட முடியலைன்னா அளவுக்கு மீறி இறுக்கிட்டீங்கன்னு அர்த்தம். நெஞ்சை அழுத்துற மாதிரி இருந்தாலும் அப்படித்தான். உறை கிழிஞ்சு ரப்பர் இழை தெரிஞ்சா அளவு பார்க்காதீங்க, புதுசு போடுங்க.

வாடகை வால்வு பத்தியும் சொல்லணும். கடையில எல்லா டேங்க்லயும் வால்வு ஒரே கை, அதாவது திறந்து மூடுற குமிழ் (நாப்) எல்லாத்துலயும் ஒரே பக்கம். சைடுமவுண்டுக்கு இடது கை ஒண்ணு, வலது கை ஒண்ணு வேணும். ஒரே கை வால்வா இருந்தா ஒரு பக்கம் நாப் வெளியே பார்க்கும், மறுபக்கம் உடம்பைப் பார்க்கும். அந்தப் பக்கம் பஞ்ஜி நாப்ல நிக்காது. டேங்க் கழுத்துல ஒரு கயிறு வளையம் இறுக்கிக் கட்டி, சின்ன போல்ட் ஸ்னாப் ஒண்ணு போட்டு, அதை ஹார்னஸ்ல இருக்கிற ரிங் பஞ்ஜியில (வளையம் கோர்த்த பஞ்ஜி) மாட்டுங்க. எந்தக் கடை டேங்க் வந்தாலும் இது வேலை செய்யும். இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாப்பையும் கையால தொட்டு, திறந்து மூட முடியுதான்னு பாருங்க.

யோக் திருகு வெளியே துருத்தும், பஞ்ஜி அதுலயே சிக்கும். கடை வால்வுல கழட்டக்கூடிய இன்சர்ட் இருந்தா டின் ரெகுலேட்டருக்கு (வால்வுக்குள்ளேயே திருகுற வகை) மாறிடுங்க.

ஆழியன்:
ரொம்ப நன்றி. அப்போ கால் தொங்குறதும் இடது சாய்வும்?

கடல்குதிரை:
சாய்வுக்குக் காரணம் 100 பார் வித்தியாசம். 100 × 11.1 = 1,110 லிட்டர், சுமார் 1.3 கிலோ. வலது அவ்வளவு லேசாயிடுச்சு, இடது இழுக்குது. 30 பாருக்கு ஒரு தடவை மாத்துங்க, வித்தியாசம் 400 கிராமுக்குள்ள நிக்கும். சாய்வை விட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் ரெகுலேட்டர் பழுதாகி வால்வை மூடினா, மறு டேங்க்ல இருக்கிறதை வெச்சு மேலே வரணும். ரெண்டும் ஏறக்குறைய சமமா இருந்தாத்தான் அது முடியும்.

கால் தொங்க ஈயம் காரணம். சைடுமவுண்ட்ல முதுகுல டேங்க் இல்ல, இடுப்புல 4 கிலோ வெச்சா கால் பக்கம் இறங்கும். முதுகுத் தண்டு வழியா, தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவுல ஈயப் பை வெச்சு 2 கிலோ அங்க மாத்திப் பாருங்க. மொத்த எடையை முழு டேங்கோட பார்க்கவே கூடாது. ரெண்டும் 50 பார்ல, 5 மீட்டர்ல, விங்கைக் காலி பண்ணி அசையாம நிக்க முடியுதான்னு பாருங்க. மேலே இழுத்தா ஈயம் கூட்டணும்.

முத்துச்சிப்பி:
ஹார்னஸ் வாங்கற ஆசை இருந்தா ஒண்ணு மட்டும். நோமாட் மாதிரி, பின்னால பட் பிளேட் (டேங்க் வால் மாட்டுற தட்டு) வெச்ச வகை புளோரிடா குகைகள்ல, கனமான ஸ்டீல் டேங்குகளுக்காக வளர்ந்தது. மெக்சிகோ யுகாட்டான் பக்கம் அலுமினியம் 80-தான் வழக்கம், ரேசர் ஹார்னஸ் மாதிரி பிளேட் இல்லாத மெலிஞ்ச வகை அங்க வளர்ந்தது. ஸ்டெல்த்தும் அந்த மெலிஞ்ச வகை. வெதுவெதுப்பான கடல், அலுமினியம், மெல்லிய வெட்சூட்னா இந்தப் பக்கம் வாங்க. உங்ககிட்ட இருக்கிறதும் அதே குடும்பம்தான்.

ஆழியன்:
குளத்துல ஒரு நேரத்துக்கு ஒண்ணு மட்டும் மாத்திப் பார்க்கிறேன். எந்த வரிசை?

கடல்குதிரை:
பஞ்ஜி, கயிறு நீளம், பேண்ட் உயரம், டி-ரிங், கடைசியா ஈயம். பஞ்ஜி சரியாகாம பேண்டைத் தொட்டா அளவெல்லாம் மறுபடி மாறும். சைடுமவுண்ட் கத்துக் கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர் தண்ணியில கூட இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 150-ல ஒரு படம், 60-ல ஒரு படம், ரெண்டையும் இங்க போடுங்க.