இரவுக் காவல் பணிக்கு டார்ச் விளக்கு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரக் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் பார்க்கும் நான், 200 வெள்ளிக்கு மேல் விலையுள்ள டாக்டிக்கல் டார்ச் (காவல் பணிக்கேற்ற உறுதியான கைவிளக்கு) ஒன்றைச் சொந்தச் செலவில் வாங்க எண்ணியுள்ளேன். அந்த விலைக்குரிய தரத்தை எப்படி அறிவது என்பதே என் கேள்வி.

லூமன் எண்ணை (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவை) மட்டும் நம்பி வாங்கக்கூடாது என்பது என் கருத்து. கைவிளக்குகளைச் சோதிப்பதற்கான எஃப்எல்1 தரநிலைப்படி, விளக்கை ஏற்றிய 30 முதல் 120 வினாடிகளுக்குள் ஒளியளவை அளக்கிறார்கள்; எரியும் நேரத்தையோ, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கிடுகிறார்கள். ஆகவே, பெட்டியில் 2,000 லூமன் என்று அச்சிட்டிருந்தாலும், சூடேறியதும் தானாகவே மங்கும் விளக்கு அரை மணி நேரம் கழித்து எந்த அளவில் நிலைத்து நிற்கிறது என்பதுதான் சுற்றுக்காவலில் நிற்பவருக்கு முக்கியம். இதை அளந்து பார்த்தவர்கள் இருந்தால், மாடலின் பெயரோடு தெரிவியுங்கள்.

அடுத்தது மழை. இப்போதுள்ள விளக்கின் பின்மூடியைக் கழற்றினால், ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது, திருகு மரைகளில் ஈரம் கோத்திருக்கிறது. ஐபிஎக்ஸ்8 என்ற நீர்க்காப்புக் குறியீடு ஒரு மீட்டருக்கும் ஆழமான நீரில் தாங்கும் என்பதற்கான சான்றுதான். ஆனால் வளையத்துக்கு அவ்வப்போது சிலிக்கோன் கிரீஸ் தடவாவிட்டால் அந்தக் காப்பு நீடிக்காது.

18650, 21700 என்ற இரு அளவு லித்தியம் மின்கலங்களில் நீண்ட இரவுப் பணிக்கு எது ஏற்றது? மாற்று வளையங்களும் பின் சுவிட்சும் சிங்கப்பூரில் எந்தக் கடையில் கிடைக்கும்?