ஈச் வே: 3-வதாக வந்த குதிரைக்குப் பணமே இல்லை, 2-வதாக வந்ததற்கும் குறைவாகக் கொடுத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாம் தம்பி

வணக்கம். லண்டனில் இருக்கிறேன், குதிரைப் பந்தயத்துக்குப் புதிது. போன வாரம் பெட்டிங் ஷாப்பில் இரண்டு ஸ்லிப் போட்டேன். இரண்டும் 5 பவுண்ட் ஈச் வே, அதாவது குதிரை ஜெயிக்கும் என்று (வின்) 5, முதல் சில இடங்களுக்குள் வரும் என்று (பிளேஸ்) 5, ஸ்லிப்புக்கு 10 பவுண்ட். காலையில் திரையில் இருந்த விலையை அப்போதே எடுத்துக்கொண்டேன்.

முதலாவது கெம்ப்டன், காலைப் பட்டியலில் 8 குதிரை. நான் 10/1-க்கு (ஒரு பவுண்டுக்குப் பத்து லாபம்) எடுத்த குதிரை மூன்றாவதாக வந்தது. 8 குதிரை என்றால் மூன்று இடம், பிளேஸுக்கு வின் விலையில் 1/5 என்று கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் பிளேஸ் பாதிக்கு 2/1, 5 பவுண்டுக்கு 15 வர வேண்டும். கவுண்டரில் ஸ்லிப்பை ஸ்கேன் செய்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது சாண்டவுனில் ஒரு ஹேண்டிகேப் (திறமையைப் பொறுத்து குதிரைக்கு எடை ஏற்றும் ரேஸ்), 14 குதிரை. 12/1-க்கு எடுத்தது, இரண்டாவதாக வந்தது. 1/4 என்றால் 3/1, ஆக 20 பவுண்ட். கையில் வந்தது 17.75. ரசீதில் "ஆர்4 15பி" என்று ஒரு வரி. கேட்கலாம் என்றால் எனக்குப் பின்னால் பெரிய வரிசை. இரண்டிலும் ஏமாற்றுகிறார்களா, எங்கே புகார் கொடுப்பது?

பழைய கவுண்டர்காரன்

புகார் அப்புறம் இருக்கட்டும் தம்பி. ரிசல்ட்டை எடுத்து, அடியில் சின்ன எழுத்தில் எத்தனை குதிரை ஓடின என்று போட்டிருக்கும், இரண்டு ரேஸுக்கும் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

கெம்ப்டனில் 7 ஓடியதாக இருக்கிறது. ஸ்டால்ஸுக்கு, அதாவது ரேஸ் தொடங்கும் கதவுக் கூண்டுகளுக்கு, போகும் வழியில் ஒரு குதிரையைக் குதிரை டாக்டர் பார்த்து விலக்கியிருக்கிறார்கள். சாண்டவுனில் 13. அங்கே விலகியது 5/1-ல் இருந்த குதிரை.

பழைய கவுண்டர்காரன்

அவ்வளவுதான் விஷயம். கடை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

எத்தனை இடத்துக்குப் பணம் என்பது காலைப் பட்டியலை வைத்து இல்லை, ரேஸைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரின் கட்டளைக்குள் வந்த குதிரைகளை வைத்து. 4 வரை ஓடினால் பிளேஸே கிடையாது, மொத்தப் பணமும் வின் மேல் போய்விடும். 5 முதல் 7 வரை முதல் இரண்டு இடம், 1/4. 8-உம் அதற்கு மேலும் மூன்று இடம், 1/5. ஹேண்டிகேப்பில் மட்டும் 12 முதல் 15 வரை மூன்று இடத்துக்கு 1/4, 16-உம் மேலும் நான்கு இடத்துக்கு 1/4. பெரும்பாலான கடைகளின் அடிப்படை இதுதான். உங்கள் கெம்ப்டன் ரேஸ் 8-லிருந்து 7 ஆன நிமிடமே மூன்றாவது இடம் இல்லாமல் போய்விட்டது. இதே குதிரை இரண்டாவதாக வந்திருந்தால் 1/5-க்குப் பதில் 1/4 கிடைத்து, வேறு வெட்டு இல்லை என்றால் 17.50 வந்திருக்கும்.

சாண்டவுன் வேறு கதை. 13 என்பது 12-க்குக் கீழே போகவில்லை, அதனால் மூன்று இடம், 1/4 அப்படியே நிற்கிறது. வெட்டு வந்தது ரூல் ஃபோர் வழியாக, ரசீதில் இருந்த "ஆர்4" அதுதான். நீங்கள் காலையில் எடுத்த 12/1 அந்த 5/1 குதிரையும் ஓடும் என்று வைத்துப் போட்ட விலை. அது விலகினால் மற்ற எல்லாக் குதிரைக்கும் வழி சுலபமாகிவிடுகிறது, அதற்காக லாபத்தில் பிடிப்பார்கள். விலகிய குதிரை 9/2 முதல் 11/2-க்குள் இருந்தால் பவுண்டுக்கு 15 பென்ஸ். ஈவன்ஸில் (1/1) இருந்தால் 45. 14/1-க்கு மேல் இருந்தால் ஒன்றுமில்லை. பிடிப்பது லாபத்தில்தான், கட்டிய பணத்தில் இல்லை. 15 பவுண்ட் லாபத்தில் 2.25 போக 12.75, கூடவே உங்கள் 5. சரியாக 17.75.

குரோய்டன் குமாரு

கணக்கு சரிதான், ஆனால் இதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது அண்ணே. விலையைக் காலையில் பூட்டிவிடுகிறார்கள், இடங்களை மட்டும் பூட்ட மாட்டார்கள். குதிரை விலகினால் விலையையும் வெட்டுவார்கள், இடத்தையும் குறைப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் நமக்குத்தான் அடி.

பழைய கவுண்டர்காரன்

பூட்டுகிற இடமும் இருக்கிறது குமாரு. ஆன்டி போஸ்ட் பந்தயம், அதாவது வாரக்கணக்கில் முன்னாடியே போடுவது. அதில் நீங்கள் போட்ட நேரத்து இடங்களும் பின்னமும் கடைசி வரை மாறாது, ரூல் ஃபோரும் கிடையாது. ஆனால் உங்கள் குதிரையே ஓடாவிட்டால், "நான் ரன்னர் நோ பெட்" (குதிரை ஓடாவிட்டால் பணம் திருப்பி) என்று அந்தக் கடை தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, முழுப் பணமும் போச்சு. எது பரவாயில்லை என்று நீங்களே பாருங்கள்.

விலையை எடுக்காமல் எஸ்பி (ரேஸ் தொடங்கும் நேரத்து விலை) என்று போட்டால் வழக்கமாக ரூல் ஃபோர் வராது, ஏனென்றால் அந்தக் குதிரை போன பிறகு உருவான விலையில்தான் கணக்கு முடிப்பார்கள். கடைசி நொடியில் விலகி, விலை மறுபடி அமைய நேரமில்லை என்றால்தான் எஸ்பிக்கும் வெட்டு. இடங்களின் எண்ணிக்கை எப்படியும் ஓடியதை வைத்துத்தான்.

வேளச்சேரி பெரியவர்

கிண்டியில் டோட்டில் (கட்டிய பணத்தை ஜெயித்தவர்களுக்கே பிரித்துத் தரும் முறை) வின்னுக்கு ஒரு டிக்கெட், பிளேசுக்கு ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கிப் பழகியவன் நான். மகன் வீட்டுக்கு வந்தபோது இங்கே இரண்டையும் ஒட்டியே விற்பதைப் பார்த்து முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், குறைந்த விலையில் ஈச் வே போடாதீர்கள். 4/1 குதிரை, 1/5 என்றால் பிளேஸ் விலை 4/5. உங்கள் குதிரை இடத்துக்குள் வந்தும் 10 பவுண்ட் கட்டியதற்கு 9 பவுண்டுதான் கையில். 1/5-ல் 5/1 இருந்தால்தான் போட்ட காசே திரும்பும், 1/4-ல் 4/1.

குரோய்டன் குமாரு

ஐயா சொல்வது சரி. ஆனால் சரியாக 8 குதிரை ஓடி, அதில் ஒன்று எல்லாரும் ஜெயிக்கும் என்று நம்புகிற ஃபேவரிட்டாகவும், நான்கைந்து ஒன்றுக்கும் உதவாததாகவும் இருந்தால், மிச்சமிருக்கிற 7/1, 8/1 குதிரைக்கு ஈச் வேதான் லாபம். மூன்று இடத்துக்கு உண்மையான போட்டியே இரண்டு மூன்று குதிரைகளுக்குள்தான். கடைக்காரனுக்கு அந்த ரேஸ் பிடிக்கவே பிடிக்காது, பெரிய தொகை கொண்டுபோனால் மேனேஜர் ஃபோனை எடுத்துத் தலைமை அலுவலகத்தைக் கேட்பார். ஒரே சிக்கல், அந்த எட்டில் ஒன்று விலகினால் தம்பிக்கு ஆன கதிதான். அதனால் நான் 8-உம் 16-உம் இருக்கிற ரேஸில் காலையில் போடுவதே இல்லை, குதிரைகள் பேடாக்கைவிட்டு (ரேஸுக்கு முன் நடத்திக் காட்டும் இடம்) வெளியே வந்த பிறகுதான்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

நன்றி அண்ணே, நன்றி ஐயா. இப்போது தெளிவு. இன்னும் இரண்டு கேள்வி. கதவு திறந்தும் ஸ்டால்ஸை விட்டு வராமல் நின்றுகொண்ட குதிரை எண்ணிக்கையில் சேருமா? கிராண்ட் நேஷனலுக்கு ஆறு இடம் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறதே, அது நல்லதா?

பழைய கவுண்டர்காரன்

கதவு சரியாகத் திறந்து, அது தானாக நின்றால் ஓடியதாகத்தான் கணக்கு. உள்ளே போகவே மறுத்து ஸ்டார்ட்டர் விலக்கிவிட்டால் ஓடாத குதிரை. இரண்டும் டிவியில் ஒரே மாதிரி தெரியும், கணக்கில் வேறு.

கிராண்ட் நேஷனலில் 2024 முதல் அதிகபட்சம் 34 குதிரைதான், முன்பு 40. ஹேண்டிகேப் என்பதால் அடிப்படை நான்கு இடம், 1/4. ஆறு இடம் தருகிறவர்கள் பெரும்பாலும் 1/5-க்கு இறக்கிவிடுவார்கள். 20/1 குதிரைக்கு 5 பவுண்ட் பிளேஸ் என்றால் 1/4-ல் 30 வரும், 1/5-ல் 25. ஐந்தாவது ஆறாவதாக வரும் என்று நம்புகிற குதிரைக்கு ஆறு இடம் நல்லது, மற்றதற்கு அந்த 5 பவுண்டை யோசியுங்கள். நான் கவுண்டரில் இருந்தபோது அன்றைக்கு வருகிற பாதிப் பேர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், இடம் எத்தனை என்று கேட்பார்களே தவிர பின்னம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

வேளச்சேரி பெரியவர்

புகார் எங்கே என்று தம்பி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

பழைய கவுண்டர்காரன்

முதலில் கடை மேனேஜர், அடுத்து அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. அங்கேயும் தீரவில்லை என்றால், ஐபாஸ் என்று பந்தயத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு இருக்கிறது, நமக்குச் செலவில்லை. அந்தக் கடை ஐபாஸில்தான் இருக்கிறதா என்று அவர்களுடைய விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லிப்பின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த இரண்டு ஸ்லிப்புக்கும் போனால் நேரம்தான் வீண்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

சரி அண்ணே, போகவில்லை. கடைசியாக ஒன்று. 8 குதிரையும் ஓடி, மூன்றாம் இடத்தில் இரண்டு குதிரை ஒன்றாக வந்து ஃபோட்டோவிலும் பிரிக்க முடியவில்லை என்றால்?

குரோய்டன் குமாரு

டெட் ஹீட். பிளேஸ் பணத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதிக்கு முழு விலை. உங்கள் 10/1 குதிரைக்கு 2.50-க்கு 2/1, ஆக 7.50 கிடைக்கும்.