வீட்டிலேயே படிக்கிற பொண்ணுக்கு தமிழ் புக்கு எது வாங்கறது?

கேரளாவுல பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க. பாப்பாவுக்கு 7 வயசு, ஸ்கூலுக்கு அனுப்பல. மலையாள போர்டெல்லாம் எழுத்துக்கூட்டி படிக்கறா, தமிழ்ல ண, ன மாத்தி மாத்தி எழுதறா. எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: தமிழ்நாடு அரசு 1ஆம் வகுப்பு தமிழ் புக்கே போதும்க்கா, பிடிஎஃப் ஃப்ரீ. காசு குடுத்து ஒர்க்ஷீட் கட்டு வாங்காதீங்க, பாதி கலர் அடிக்கற வேலைதான்.

பதில்: கதைக்கு பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட் பாருங்க, 4 லெவல் இருக்கு, டவுன்லோடு பண்ணி பிரிண்ட் எடுத்துக்கலாம், நிறைய கதை மலையாளத்துலயும் இருக்கறதால ரெண்டையும் பக்கத்துல வெச்சு படிக்க விடலாம். மலையாளத்துல கவுக்கே நாலு எழுத்து, தமிழ்ல ஒண்ணுதான், ஏன்னு கண்டிப்பா கேப்பா, ரெடியா இருங்க :)

பதில்: ண, னவுக்கு புக்கு வேண்டாம்ங்க. பணி பனி, மணம் மனம்னு ஜோடி ஜோடியா சொல்லி எழுத வைங்க.

பாப்பாவோட அம்மா: சரிங்க, பிரிண்ட் எடுக்க நாளைக்கே போறேன்.