மாடிஃபையருக்கு ‘மாற்றி’ வேண்டாம், ‘அடை’ போதும்

வணக்கம்.

ஆங்கில இலக்கணத்துக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் மாடிஃபையர் (இன்னொரு சொல்லை விவரிக்கும் சொல்) என்பதற்கு ‘மாற்றி’ என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுகிறது, சரி. ‘ரெட் கார்’ என்றால் கார் மாறிவிடுவதில்லையே, எந்தக் கார் என்பதுதான் தெளிவாகிறது. இந்த வேலைக்கு நம்மிடம் ‘அடை’ இருக்கிறது. அடையை ஏற்கும் சொல்லுக்கு ‘அடைகொளி’ என்ற பெயரும் மரபிலேயே உண்டு.

மாடிஃபையருக்கு ‘உரிச்சொல்’ (பண்பை உணர்த்தும் பழைய இலக்கணச் சொல்வகை) என்ற யோசனையில் கொஞ்சம் மயங்கத்தான் செய்தேன். அது பெயரோடும் வினையோடும் வரும் என்கிறது தொல்காப்பியம்: நனி பேதை, நனி வருந்தினை, இரண்டிலும் ‘மிக’ என்ற பொருளில் அதே நனி. ஆனால் ஆங்கிலத்தில் சிக்கலே எங்கே ‘குவிக்’, எங்கே ‘குவிக்லி’ என்பதில்தான், அதை உரிச்சொல் சொல்லாது. பெயருக்கு அடையாகும் பெயரடை (அட்ஜெக்டிவ்), வினைக்கு அடையாகும் வினையடை (அட்வெர்ப்) என்ற பிரிவு சொல்லும். ‘வெரி குட்’டில் வெரி எந்த வினைக்கு அடை என்று கேட்டால் பதில் கிடையாது, அது குட் என்ற பெயரடைக்கு அடை, ஆனாலும் வினையடை என்ற பெயர் ஊன்றிவிட்டது, விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. ‘ஆன’ வந்தால் பெயரடை, ‘ஆக’ வந்தால் வினையடை, உடனே ஒரு ‘லி’யை ஒட்டு என்று பழகிவிடுகிறோம். அப்புறம் ‘அவள் அழகாகத் தெரிகிறாள்’ என்பது ‘ஷி லுக்ஸ் ப்யூட்டிஃபுல்லி’ ஆகிவிடுகிறது. இங்கே லுக்ஸ் பார்க்கிற செயலே இல்லை, எழுவாயையும் அதன் பண்பையும் கோக்கும் வினை. அழகு ‘ஷி’யைச் சேர்ந்தது, எனவே ப்யூட்டிஃபுல்தான். ‘தி சூப் டேஸ்ட்ஸ் குட்’, ‘ஐ ஃபீல் பேட்’ எல்லாம் இப்படியே. ஆனால் ‘ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மீ’ என்றால் உண்மையிலேயே பார்க்கிறான், அடைகொளி வினை, அங்கே லி வேண்டும். வாலைப் பார்த்து முடிவு செய்தால் ‘ஃப்ரெண்ட்லி’யிடமும் ஏமாறுவோம், அது பெயரடை; ‘ஃபாஸ்ட்’ பெயரடை, வினையடை இரண்டுமாக நிற்கும்; ‘ஹார்ட்லி’க்கோ இன்றைய பொருளில் கடினத்தோடு ஒட்டுறவே இல்லை, ‘அரிதாகவே’ என்றுதான் பொருள். அதனால்தான் அடைகொளியையும் சொற்பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன்: முதலில் அதைத் தேடு, பிறகு வடிவத்தைத் தேர்ந்தெடு.

லுக்ஸ், டேஸ்ட்ஸ் வகைக்கு இப்போதைக்கு ‘இணைப்பு வினை’ என்று போட்டிருக்கிறேன். ‘கோப்பு வினை’ இன்னும் பொருத்தம், ஆனால் கோப்பு என்றாலே அலுவலக ஃபைல்தான் கண்முன் வருகிறது. வேறு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.