‘இரட்டைத் துவக்கம்’ வேண்டாம், ‘தெரிந்தெழுப்பல்’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, வேண்டியதைத் தெரிந்து திறக்கிற முறையைக் கடையில் ‘டூவல் பூட்’ என்கிறோம். அதற்கு ‘இரட்டைத் துவக்கம்’ என்ற சொல்லை நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா என்று சென்ற கிழமை கேட்டிருந்தீர்கள். பலர் ஆமோதித்துவிட்டீர்கள். நான் மறுத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருகோணமலையில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் அச்சகம் நடத்தும் ஐயா ஒருவர் புதிதாக வாங்கிய மேசைக்கணினியைக் கொண்டுவந்தார். உள்ளே விண்டோஸ் 11 இருந்தது. அவருடைய பிரிண்டருக்கோ விண்டோஸ் 7-க்குப் பிறகு இயக்கி (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) இல்லை. கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்), கோயில் திருவிழா நோட்டீஸ் என்று பல வருடத்துக் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலில் கிடக்கின்றன. “புதுசும் இருக்கட்டும் தம்பி, பழசும் வேணும்” என்றார்.

வேலை லேசாக இருக்கவில்லை. விண்டோஸ் 7 வந்தது 2009-ல். யூ.எஸ்.பி 3-க்கான இயக்கி அதன் நிறுவல் வட்டில் கிடையாது. நிறுவல் திரை வந்ததும் விசைப்பலகையும் மவுஸும் அசையவில்லை. வட்டச் செருகி உள்ள பழைய பி.எஸ்/2 விசைப்பலகை ஒன்றைத் தேடி எடுத்தேன். என்.வி.எம்.இ என்ற புதுவகை வேக வட்டும் விண்டோஸ் 7-இன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி வட்டு ஒன்றைத் தனியாகப் பொருத்தி அதில் நிறுவினேன். நம்பகமான இயங்குதளத்தை மட்டும் திறக்கவிடும் ‘செக்யூர் பூட்’ காவலை நிறுத்தி, பழைய பயோஸ் (தாய்ப்பலகையில் உள்ள முதல் நிரல்) போல நடந்துகொள்ளும் சி.எஸ்.எம் வசதியை இயக்கினேன். அதற்கு முன்பே, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். இந்த வேலையைச் செய்யப் போகிறவர்கள் அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். செக்யூர் பூட்டில் கை வைத்ததும் விண்டோஸ் 11 அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் உள்ளே விடாது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் அந்தப் பக்கத்தில் இணையத் தொடர்பை அறவே நிறுத்திவிட்டேன்.

எல்லாம் முடிந்தபின், எந்த விசையை அழுத்தினால் எது வரும் என்று தமிழில் ஒரு தாள் தயாரித்தேன். தலைப்பு: ‘இரட்டைத் துவக்கு முறை’. எங்கள் பட்டியலில் அடிபட்ட சொல்தானே என்று நம்பி எழுதினேன். ஐயா வாசித்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, எத்தனை சோதனைச் சாவடியில இறங்கி ஏறின ஆள் நான். இந்தச் சொல்லு இருக்கிற தாளை மேசையில ஒட்ட ஏலாது. வேற சொல்லு எழுதித் தாரும்.”

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். இலங்கையில் துவக்கு என்றால் துப்பாக்கி. துவக்கு, துப்பாக்கி இரண்டுக்கும் மூலம் துருக்கிச் சொல்தான். சிங்களத்திலும் ‘துவக்குவ’ என்பார்கள். எங்கள் காதில் ‘இரட்டைத் துவக்கு’ என்று விழுந்தால் இரட்டைக்குழல் துப்பாக்கிதான். ‘துவக்கம்’ என்று முடித்தால் சரியாகிவிடாதா என்று மதுரையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வடிவத்துக்குச் சரி, அக்கா. ஆனால் கலைச்சொல் ஒரு வடிவத்தோடு நிற்காது. துவக்கு வட்டு, துவக்குப் பட்டி (மெனு), துவக்கு நிரல் என்று உடனே கிளைவிடும். தமிழ் பேசும் மக்களில் ஒரு பகுதியினர் முப்பது வருடம் பயந்து வாழ்ந்த பொருளின் பெயர் அந்தக் கிளைகளில் எல்லாம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை அதைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். இதை நான் ஏற்கமாட்டேன்.

‘தொடக்கு’ என்று மாற்றலாமா? அதிலும் இடைஞ்சல் உண்டு. சாவு வீட்டுத் தீட்டைத் துடக்கு என்போம், தொடக்கு என்றும் சொல்வார்கள். தொடக்கம் என்றால் எங்களுக்கு ‘முதல்’ என்றும் பொருள்: காலை தொடக்கம் மாலை வரை. இது துவக்கு அளவுக்கு மனதைத் தைக்காது. வேறு வழியில்லை என்றால் ‘தொடக்கம்’ என்பதை ஏற்கலாம். ஆனால் வழி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

‘இரட்டை’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இரட்டைப் பிள்ளை, இரட்டை மாட்டு வண்டி என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன, சேர்ந்து இழுக்கின்றன. இங்கே அப்படியில்லை. ஒன்று விழித்திருக்கும்போது மற்றது வட்டில் வெறும் கோப்புகளாகக் கிடக்கிறது. ஒன்றைப் பற்றி மற்றதுக்கு எதுவுமே தெரியாது. கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் லினக்ஸும் விண்டோஸும் வைத்துக்கொண்டு என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடு இதற்கு நல்ல சாட்சி: “அண்ணா, விண்டோஸில் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பின்னால நிற்குது.” கணினியின் உள்மணிக்கூட்டில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் வந்து அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். இலங்கை நேரம் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அந்த வித்தியாசம் அப்படியே தெரிகிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸிடம் சொல்லிவிட்டால் தீரும். இரவுக் காவலாளியும் பகல் காவலாளியும் ஒருவரை ஒருவர் காணாமல் ஒரே கொப்பியில் எழுதுவது போன்ற ஏற்பாடு இது. இதை இரட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலும் மூன்று இயங்குதளம் போட்டால் சொல்லை மாற்றவேண்டி வரும்.

இந்த முறையின் உயிர் எண்ணிக்கையில் இல்லை, தெரிவில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் எதை எழுப்புவது என்று ஆள் தெரிவுசெய்கிறார். அச்சகத்து ஐயாவின் கணினியில் பொதுவான தெரிவுப் பட்டிகூட இல்லை. எஃப்12 விசையை அழுத்தி வட்டைத் தெரிகிறார், அவ்வளவுதான். லினக்ஸோடு வரும் ‘கிரப்’ என்ற தெரிவு நிரல் போட்ட கணினியில் பட்டி வரும். வழி எதுவானாலும் தெரிவது பொது.

அடுத்தது பூட். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் தொடங்குதல் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது. சப்பாத்தின் பின்பக்கத்துப் பட்டியைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கி நிறுத்துவது என்ற பேச்சிலிருந்து 1950களில் கணினிக்காரர்கள் எடுத்த சொல் அது. சின்ன நிரல் ஒன்று எழும்பும், அது தன்னைவிடப் பெரியதை எழுப்பும், அது இயங்குதளத்தை எழுப்பும். பழைய வட்டுகளில் அந்த முதல் நிரலுக்குக் கிடைத்த இடம் 446 பைட்டுகள்தான். அந்தச் சின்ன இடத்திலிருந்து முழு விண்டோஸும் எழும்பி வருவதை இன்றைக்கும் நான் வியந்துதான் பார்க்கிறேன். ஆக, மூலத்தில் இருக்கும் கருத்தே எழுப்புதல்தான். தமிழில் இதைவிடப் பழகிய சொல் உண்டா? கோணேசர் கோயிலில் விடியற்காலை பள்ளியெழுச்சி. கிண்ணியாவில், மூதூரில் நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்புவார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அம்மா எழுப்புவார். இந்தச் சொல்லைக் கேட்டு யாரும் திடுக்கிடமாட்டார்கள்.

எனவே என் முன்மொழிவு: பூட் செய்தல் என்பது எழுப்பல். அப்படி எழுப்பும் நிரலான பூட் லோடர் என்பது எழுப்பி (இயக்கி, செருகி போல). டூவல் பூட் என்பது தெரிந்தெழுப்பல். ‘தெரிந்தெடுத்தல்’ என்ற சொல் எங்களிடம் ஏற்கனவே புழங்குகிறது. அதே அச்சில் வார்த்தது இது. ‘இருதள எழுச்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுச்சி எங்கள் ஊரில் அரசியல் மேடையில் நிற்கிற சொல், அதைத் தொடவேண்டாம்.

அப்புறம், கூடவே வந்த இன்னொரு கேள்வி. புதிய கணினியில் பழைய இயங்குதளத்தைப் போடுவதற்கு என்ன பெயர்? ‘தரமிறக்கம்’ என்று பட்டியலில் இருக்கிறது. 2007-ல் விஸ்டா வந்தபோது எத்தனையோ பேர் எக்ஸ்பிக்குப் போனார்கள். விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளோடு அந்த உரிமையையும் மைக்ரோசாஃப்ட்டே கொடுத்திருந்தது. போனவர்கள் தரத்தை இறக்கிக்கொண்டோம் என்று நினைக்கவில்லை, வேலை ஓடவேண்டும் என்றுதான் போனார்கள். பழையது தரம் குறைந்தது என்ற தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே வைப்பது நியாயமில்லை. ‘பதிப்பிறக்கம்’ என்று யோசித்தேன். பதிவிறக்கத்தோடு குழம்பும், தொலைபேசியில் சொன்னால் வித்தியாசமே கேட்காது. ‘பின்பதிப்பு’ என்றால் பிறகு வந்த பதிப்பு என்று நேர்மாறாக விளங்கும். ‘மீளல்’ அழகான சொல். ஆனால் அந்தக் கணினி முன்பு விண்டோஸ் 7-ல் இருந்ததே இல்லையே, எங்கே மீள்வது? மீள்வது ஆள், கணினி இல்லை. யோசித்துப் பார்த்தால் ‘பழம்பதிப்பு நிறுவல்’ என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் தேவையில்லை.

இயங்குதளமா, பணிசெயல் முறைமையா என்ற பழைய வழக்கை இதில் இழுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பாடநூலில் இரண்டாவது இருக்கிறது, வாசகர்களுக்கு இரண்டும் விளங்கும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து

———

> ‘துவக்கு’ பற்றித் தெரியாமல் எழுதிவிட்டோம், தம்பி. அதை நீக்குவதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எழுப்பல் என்றால், மூடி வைத்த மடிக்கணினியைத் திறந்ததும் தூக்கத்திலிருந்து வருகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? இரண்டும் ஒன்றாகிவிடுமே.

அண்ணா, வணக்கம். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நேற்று முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தூக்கத்திலிருந்து வருவதற்கு ‘விழித்தல்’ என்று வைக்கலாம். கணினி தானாக விழிக்கிறது: மூடியைத் திறந்தால், விசையைத் தட்டினால், விட்ட இடத்திலேயே கண் திறக்கிறது. எழுப்பல் அப்படியில்லை, ஒன்று இன்னொன்றை எழுப்ப வேண்டும். விழி தன்வினை, எழுப்பு பிறவினை. தமிழே இந்த வித்தியாசத்தைத் தயாராக வைத்திருக்கிறது.

இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இருக்கிறது. அணைத்தேன் என்று நாம் நினைத்தாலும் உள்ளே உள்ள கரு (இயங்குதளத்தின் மையப் பகுதி) உறக்க நிலையில் வட்டில் எழுதப்படுகிறது. அந்த நிலையில் லினக்ஸை எழுப்பினால், விண்டோஸின் பிரிவை வாசிக்கலாம், எழுத விடாது. அரைத் தூக்கத்தில் இருக்கிறவரின் அலுமாரியை ஒழுங்குபடுத்தப் போனால் அவர் எழும்பிக் குழம்பிப்போவார், அதனால்தான் விடுவதில்லை. தெரிந்தெழுப்பல் செய்யும் கணினிகளில் நான் முதலில் நிறுத்துவது இந்த வசதியைத்தான். ஆகையால் உறக்கம், விழித்தல், எழுப்பல் மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்களாக இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலை விளக்கும்போது வேறு உவமை தேடவேண்டியதில்லை.

தெரிந்தெழுப்பல் நீளம் என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் எழுதியிருந்தார். நீளம்தான், சேர். பட்டியில் இடம் போதாவிட்டால் ‘தெரிந்தெழுப்பு’ என்று ஏவலாக வைக்கலாம். ‘தெரிந்து’ என்பதைத் தமிழ்நாட்டில் ‘அறிந்து’ என்று எடுத்துக்கொள்வார்களோ என்பதுதான் என் கவலை. ‘தேர்ந்தெழுப்பல்’ என்றால் அங்கே இன்னும் தெளிவாக இருக்குமா? எங்களுக்கும் அது விளங்கும். சென்னை, மதுரை, கோவை நண்பர்கள் வீட்டில் ஒருவரிடம் சும்மா சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எது காதுக்கு இயல்போ அதை எடுத்துக்கொள்வோம். துவக்கு மட்டும் திரும்ப வரக்கூடாது.

அச்சகத்து ஐயாவுக்குப் புதிய தாள் கொடுத்துவிட்டேன். தலைப்பில் ‘பழையதை எழுப்ப’, ‘புதியதை எழுப்ப’ என்று இரண்டே வரி. மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்.